தேதி போடாத தாள்

தம்பி,

கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டாளே என்று சிரிக்காதே. போனில் பேசிவிடலாம் என்று எனக்கும் தெரியும். ஆனால் நீ போன் செய்தால் நான் பேசுவதெல்லாம் "சாப்பிட்டியா, அங்க மழையா" என்பதோடு முடிந்துவிடுகிறது. அதற்குமேல் எதையாவது சொல்ல வாயெடுத்தால் என் குரலே எனக்கு யாரோ பேசுவதுபோலக் கேட்கிறது. எழுதினால்தான் எனக்குக் கோவையாக வரும். அதுவும் ஆயுசில் பாதி ஆபீஸ் கடிதமே எழுதிய கை. "மேற்படி விஷயமாக" என்று தொடங்கி இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். உன் கல்லூரி ரெக்கார்டு நோட்டில் நீ எழுதாமல் விட்ட பக்கங்களில்தான் இதை எழுதுகிறேன். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள். ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். பாதியில் மட்டும் வைத்துவிடாதே.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பால்கோவாவோடு வந்தாய். பதவி உயர்வு என்றாய். உன் அப்பா எழுந்து வந்து உன் தோளைத் தட்டினார். அவர் அப்படித் தட்டி நான் பார்த்ததே இல்லை. "ஃபாக்டரியில பொண்ணுங்க வேலை செய்ற லைன் மொத்தமும் இனி என் பொறுப்பும்மா. எல்லாம் வெளியூர்ப் பொண்ணுங்க. ஹாஸ்டல்ல தங்கி வர்றாங்க" என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டாய். கல்யாணமானால் என்ன செய்வார்கள் என்று நான் கேட்டேன். நீ ரசத்தைப் பிசைந்துகொண்டே, "பாதிப் பேர் அவங்களே போயிடுவாங்க. போகலேன்னா பிரச்சினை வேணாம்னு சேரும்போதே ராஜினாமா மாதிரி ஒரு தாள் எழுதி வாங்கிடுவோம். தேதி போடாம. சும்மா ஒரு ஃபார்மாலிட்டிம்மா" என்றாய். நான் அப்பளம் எடுத்து வருகிறேன் என்று உள்ளே போனேன். நெடுநேரம் வரவில்லை. அம்மாவுக்கு முதுகு வலி போலிருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னாயாமே. முதுகு வலி இல்லை. நீ சொன்ன வார்த்தைகளை, அதே வரிசையில், நான் இருபத்திரண்டு வயதில் கேட்டிருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன் தாத்தா ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் பெயின்ட் அடிப்பவர் என்பது உனக்குத் தெரியும். குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையில் ஒரு வீட்டில் திருநெல்வேலிச் சொதி மணக்கும், அடுத்த வீட்டில் ஆர்க்காட்டுக் கத்திரிக்காய்க் கொத்சு. எல்லா ஊர்க்காரர்களும் இருந்த அந்த வரிசையிலேயே கல்லூரி முடித்த முதல் பெண் நான்தான். எங்கள் குடும்பத்தில் ஆண்களையும் சேர்த்து முதல் ஆள். பட்டச் சான்றிதழ் வந்த அன்று அதை உறையோடு தொழிற்சாலைக்கு எடுத்துப் போய் ஒவ்வொருவரிடமும் காட்டிவிட்டு வந்தார் உன் தாத்தா. திரும்பி வரும்போது உறையின் மூலையில் ராணுவ வண்டிக்கு அடிக்கும் பச்சைப் பெயின்ட் ஒட்டியிருந்தது. "அடடா, கறையாக்கிட்டேனே பாப்பா" என்று வருத்தப்பட்டார். நீ சின்ன வயதில் அதைத் தொட்டு "இது என்னம்மா, ஸ்டாம்பா?" என்று கேட்டாய். ஆமாம் என்று சொன்னேன். அது பொய்யில்லை.

படித்தேனே தவிர, வாய் கிடையாது. பத்துப் பேர் இருக்கும் இடத்தில் தண்ணீர் வேண்டும் என்று கேட்கக் கூச்சம். அதனால் கண்ணுக்கு வேலை அதிகம். யார் செருப்பு தேய்ந்திருக்கிறது, யார் அழுதுவிட்டு முகம் கழுவியிருக்கிறார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்டவளுக்கு அம்பத்தூரில் ஒரு பெரிய வெளிநாட்டுக் கம்பெனியில், பணியாளர் பிரிவில், குமாஸ்தா வேலை கிடைத்தது. எண்பதுகளின் நடுவில் அது எங்கள் வரிசைக்கே திருவிழா. காலை ரயிலில் பட்டரைவாக்கத்தில் இறங்கி, எண்ணெயும் இரும்புத் தூளும் கலந்த வாசனைக்குள் நடந்து போவேன். மழைக்காலத்தில் சேற்றில் செங்கல் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு செங்கலாகத் தாண்டும்போது எனக்குப் பின்னால் வரும் லேத் பட்டறைப் பையன்கள் எண்ணுவார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று. அதற்குக் கூசிக் கூசியே நான் அந்தப் பாதையில் வேகமாக நடக்கக் கற்றேன்.

எங்கள் அதிகாரி நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீ அவரை வில்லனாக்கிவிட்டு, உனக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை என்று நினைத்துவிடுவாய். யாரையும் அதட்டிப் பேசியதில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று என்னை உட்காரச் சொன்ன முதல் அதிகாரி அவர்தான். வெள்ளைத் தாள் ஒன்றை நகர்த்தி, "சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்னு எழுதி கையெழுத்துப் போடும்மா" என்றார். எழுதினேன். தேதி போடப் போனேன். "அது வேண்டாம். சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. பெண்கள் எல்லார்கிட்டயும் வாங்குறதுதான்" என்றார். அந்தத் தாளை ஒரு பழுப்பு ஃபைலில் வைத்தார். ஃபைலை என்னிடமே கொடுத்தார். "இனிமே இது உன் பொறுப்பு." எனக்குக் கிடைத்த முதல் பொறுப்பு அதுதான் தம்பி. பெருமையாக இருந்தது. அட்டையில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அழகாகப் பெயர் எழுதினேன்.

மாடி ஆபீஸில் நான் ஒருத்திதான் பெண். அங்கே பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. கட்டும்போது அப்படி ஒரு தேவை வரும் என்று யாரும் நினைக்கவில்லை. கீழே காயில் செக்‌ஷனுக்குத்தான் போக வேண்டும். அப்படிப் போய்த்தான் அந்தப் பெண்களோடு பழக்கம். அந்த செக்‌ஷனில் முடியைவிட மெல்லிய செம்புக் கம்பியைச் சின்ன உருளைகளில் ஆயிரக்கணக்கில் சுற்றுவார்கள். ரிலே என்று ஒரு மின்சாரப் பெட்டி, அதற்குள் போகிற காயில். காற்றடித்தால் கம்பி அலையும் என்று மின்விசிறி போட மாட்டார்கள். வளையல் போடக் கூடாது. தூசி ஆகாது என்று செருப்பை வெளியே விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் உள்ளே போக வேண்டும். வியர்வை சொட்டச் சொட்ட, நாற்பது பெண்கள், மூச்சுக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு. ஆனால் சாப்பாட்டு மணி அடித்ததும் பார்க்க வேண்டுமே! அவ்வளவு நேரம் அடக்கிய பேச்சும் சிரிப்பும் ஒரே நேரத்தில் வெடிக்கும்.

என்னை அவர்கள் "டிகிரி" என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்தவள் கோமளா. நூம்பலிலிருந்து வருவாள். அவள் வாயில் விழுந்து எழுந்தவர்கள் கிடையாது. "இன்னா டிகிரி, மேல ஃபேன் காத்துல ஒக்காந்துகினு கீறியே, எங்களுக்கு ஒரு கூடை காத்து அள்ளிகினு வரக் கூடாதா?" என்பாள். பக்கத்தில் நூர்ஜஹான் சிரிப்பாள். அவள் பூந்தமல்லி. சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்கச் சிரிப்பாள். கோமளா அவள் கையைத் தட்டி, "பாரு, சிரிக்கறதுக்குகூட ரேஷன் கார்டு கேக்கறா" என்பாள். மூன்று டிபன் பாக்ஸும் நடுவில் வந்துவிடும். நூர்ஜஹான் வீட்டு இடியாப்பத்துக்கு நானும் கோமளாவும் சண்டை போடுவோம். எங்கள் வீட்டுப் புளிசாதத்தை நூர்ஜஹான் மூடியில் வாங்கி, விரலை வழித்துச் சாப்பிடுவாள். எனக்கு இதுவரை வாய்த்த சிநேகிதம் அந்த மதியங்களில் கிடைத்ததுதான். இன்றைக்கும் புளிசாதம் கிளறும்போது ஒரு பங்கு கூடப் போட்டுவிடுகிறேன். நீங்கள் மிச்சம் வைக்கிறீர்கள்.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. கல்யாணம் நிச்சயமான பெண், மஞ்சள் தடவிய பத்திரிகையோடு அதிகாரியைப் பார்க்க மாடிக்கு வருவாள். அவர் எழுந்து நின்று வாங்கிக்கொள்வார். மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று விசாரிப்பார். அவள் படி இறங்கியதும் என் பக்கம் திரும்பி, "தேதி போட்டுடும்மா" என்பார். நான் பழுப்பு ஃபைலைத் திறந்து, அவள் தாளை எடுத்து, கல்யாணத்துக்கு முந்தின வேலைநாளைத் தேதியாகப் போடுவேன். கடைசி நாள் அவளுக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து, கைதட்டி அனுப்புவார்கள். கல்யாணமான பெண் பிரசவம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லீவு போடுவாள், உற்பத்தி கெடும் என்பது அவர்கள் கணக்கு. நானும் எட்டு, பத்துத் தேதி போட்டிருப்பேன். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் போய்ச் சாப்பிட்டும் இருக்கிறேன்.

அதனால் பல பெண்கள் பத்திரிகையே கொடுக்காமல் கல்யாணம் செய்துகொண்டார்கள். பட்டரைவாக்கம் ஸ்டேஷனில் இறங்கியதும் பிளாட்பாரத்துக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து காலிலிருந்து மெட்டியைக் கழற்றி, டிபன் பாக்ஸின் ஊறுகாய்க் கிண்ணத்தில் போட்டு மூடுவார்கள். தாலியை ரவிக்கைக்குள் தள்ளிவிடலாம். வெறுங்காலோடு உட்காருகிற செக்‌ஷனில் மெட்டியை எங்கே ஒளிக்க? மாலை அதே பெஞ்சில் திரும்பப் போட்டுக்கொண்டு ரயில் ஏறுவார்கள். தொடர்ந்து கழற்றி மாட்டியதில் விரல் தேய்ந்து வெளுத்திருக்கும். எனக்கு எல்லோரையும் தெரியும். நான் வாய் திறந்ததில்லை. அந்த விஷயத்தில் என் கூச்சம் உபயோகமாக இருந்தது.

நூர்ஜஹானுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவள் வீட்டில் மெட்டி போடுகிற பழக்கமில்லை. நிக்காஹ்வில் கட்டிய கருகமணி, கழுத்தில் கிடக்கிற சாதாரணக் கருப்புப் பாசிபோலத்தான் தெரியும். அதிகாரிக்கு அது என்னவென்று தெரியாது. மாப்பிள்ளை பூந்தமல்லியில் மெத்தை தைக்கிற கடை வைத்திருந்தார். கல்யாண விஷயம் எனக்கும் கோமளாவுக்கும் மட்டும்தான் தெரியும். சில மாதம் கழித்து ஒருநாள் கழிப்பறை வாசலில் என் கையில் ஒரு படிவத்தைத் திணித்தாள். தொழிலாளர் காப்பீட்டு அட்டைக்கான குடும்பப் படிவம். "மூணு மாசம் டிகிரி" என்றாள். "ஊட்டுக்காரர் பேர எழுதி நீயே வெச்சிக்க. இப்ப அனுப்பாத. நான் சொல்றப்போ அனுப்பு. பிரசவத்துக்கு அந்த ஆஸ்பத்திரி கார்டு இருந்தா போதும். நீ எழுதுனாதான் தப்பு இல்லாம இருக்கும்."

நீ எழுதினால்தான் தப்பு இல்லாமல் இருக்கும் என்றாள். நான் எழுதினேன். ஒரு அடித்தல் இல்லாமல், அச்சடித்ததுபோல எழுதினேன். என் இழுப்பறையில் ஒரு தாள் தேங்கக் கூடாது என்பது எனக்கு ஒரு வெறி. மாதக் கடைசிச் சனிக்கிழமை எல்லாப் படிவமும் அதிகாரியின் தட்டுக்குப் போய்விட வேண்டும். முதல் தலைமுறையாகப் படித்தவளின் வியாதி அது என்று இப்போது புரிகிறது. பூர்த்தி செய்த படிவம் ஒன்று போகாமல் கிடந்தால், பரீட்சைத் தாளைக் கட்டிக் கொடுக்காமல் வந்துவிட்டதுபோல உறுத்தும். இப்போதே போனால் கார்டும் நேரத்தோடு வந்துவிடுமே, அவர் பார்க்காமல்தானே கையெழுத்துப் போடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, முப்பது படிவத்துக்கு அடியில் நூர்ஜஹானுடையதை வைத்தேன். அவர் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறவர் இல்லை. அடி வரைக்கும் படித்தார். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாவம், நல்லா வேலை செய்ற பொண்ணு. தேதி போட்டுடும்மா" என்றார்.

என்ன சொல்லியிருக்கலாம் என்று இத்தனை வருஷமாக யோசித்து வைத்திருக்கிறேன். "சார், அது என்னிடம் நம்பிக் கொடுத்தது" என்று சொல்லியிருக்கலாம். ஃபைலைக் காணவில்லை என்று சொல்லியிருக்கலாம். அன்று கை மட்டும் பழகிய வேலையைச் செய்தது. என் பேனாவில் எப்போதும் நீல மை. அவள் மூன்று வருஷத்துக்கு முன் கருப்பு மையில் எழுதிய தாளில், நீலத்தில் தேதி போட்டேன்.

திங்கட்கிழமை அவளைக் கூப்பிட்டுக் கடிகாரத்தைக் கொடுத்தார்கள். கைதட்டல் இல்லை. கேட்டில் நானும் கோமளாவும் ஓடிப்போய் நின்றோம். நூர்ஜஹான் அழவில்லை. என்னைப் பார்த்து, "படிவம் எங்க டிகிரி?" என்றாள். "என்கிட்டதான் இருக்கு" என்றேன். அது இரண்டாவது தப்பு. முதல் தப்புக்காவது அறியாமை என்று பெயர் வைக்கலாம். இதற்கு வேறு பெயர் இல்லை. அவள் மெல்லக் கோமளா பக்கம் திரும்பினாள். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை தாமதமாக வந்ததற்காகக் கோமளா மாடிக்குப் போய், எதையோ பேசிச் சிரித்துக்கொண்டே இறங்கி வந்திருந்தாள். "மேல போயி இன்னா சொன்னே?" என்றாள் நூர்ஜஹான்.

"ஏ, இன்னா பேசற நீ? நானா சொல்லுவேன்?"

"தெரிஞ்சது ரெண்டே பேருக்கு. டிகிரி வாய் தொறக்காது. ஊருக்கே தெரியும். நீ எப்ப வாய மூடுன?"

நூர்ஜஹான் அந்தக் கடிகாரத்தைக் காவலாளி அறை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள். காவலாளி அதைச் சுவரில் மாட்டிக்கொண்டார். அந்தக் கம்பெனியில் நான் வேலை செய்த அத்தனை வருஷமும் காலையில் அதைப் பார்த்துத்தான் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த நாள் கோமளா சாப்பாட்டு நேரத்தில் எழுந்து நின்றாள். "நான் சொன்னேன்னு ஒருத்தி நெனச்சிகினு போய்ட்டா. நான் சொல்லல. இனிமே எவளும் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லாம பண்றேன் பாரு" என்றாள். வியாழக்கிழமை காலை செக்‌ஷனுக்குள் போன நாற்பது பெண்கள் காலிலும் மெட்டி. ஒளித்து வைத்திருந்தவர்கள், கல்யாணமாகாதவர்கள், போன மாதம் சேர்ந்த பதினெட்டு வயதுப் பெண், எல்லோரும். திருவேற்காடு கோயில் வாசல் கடையில் வாங்கிய மலிவு மெட்டி. கல்யாணமாகாத பெண் காலில் மெட்டி என்றால் அந்தக் காலத்தில் என்னவென்று உனக்குப் புரியாது. கோமளாவின் அம்மா துடைப்பத்தால் அடித்திருந்தாள். கோமளா சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தாள். சிமென்ட் தரையில் நாற்பது ஜோடிக் கால்கள் நடந்த சத்தம் மாடிவரை கேட்டது. அதிகாரி பட்டியலோடு இறங்கினார். ஒவ்வொரு காலாகப் பார்த்துக்கொண்டே போனார். "இதுல யாருக்குக் கல்யாணம் ஆயிருக்கு?" என்று கேட்டார். "எல்லாருக்கும் சார்" என்றாள் கோமளா. "மாப்ள யாருன்னு மட்டும் கேக்காதீங்க. எனக்கே தெரியாது." அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு அடங்கியபோது கோமளா, "எழுதி வாங்குன தாளையெல்லாம் குடுத்துடுங்க. நூர்ஜஹானக் கூப்புடுங்க. அதுவரைக்கும் கம்பி சுத்த மாட்டோம்" என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டாள்.

நானும் ஒரு ஜோடி வாங்கியிருந்தேன் தம்பி. என் கைப்பையில் இருந்தது. மாடியில் செருப்போடுதான் இருப்போம், போட்டாலும் யாருக்குத் தெரியப் போகிறது என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன்.

சங்கத்துச் செயலாளர் தனபால் அண்ணன், லேத் ஓட்டுகிற டர்னர். அவரும் அவர் ஆட்களும் முதலில் கேலிதான் செய்தார்கள். "பொம்பளைங்க ரெண்டு வருசம் வேல செஞ்சிட்டுக் கண்ணாலம் கட்டிகினு பூடுவாங்க, இவங்களுக்கு இன்னாத்துக்குச் சங்கம்?" என்று அதுவரை ஒருத்தியைக்கூட உறுப்பினராகச் சேர்த்ததில்லை. மூன்றாம் நாள் காயில் தீர்ந்து, ஆண்கள் பக்கத்து லைன் நின்றது. நின்ற மெஷின் பக்கத்தில் தனபால் அண்ணன் ரொம்ப நேரம் நின்றாராம். பிறகு செருப்பை வெளியே விட்டுவிட்டு, அந்த செக்‌ஷனுக்குள் முதல் முறையாக வந்தார். "இன்னாம்மா இது, காத்தே இல்லியே இங்க. இதுக்குள்ளயா இத்தினி வருசமா ஒக்காந்துகினு கீறீங்க?" என்று கேட்டார். அப்புறம் அது சங்கத்தின் போராட்டமாகிவிட்டது.

தொழிலாளர் துறை அதிகாரி முன்னால் பேச்சுவார்த்தை நடந்தது. குறிப்பெடுக்க என்னை உட்கார வைத்திருந்தார்கள். தேதி போடாத தாள்களையெல்லாம் திருப்பித் தர கம்பெனி ஒப்புக்கொண்டது. கல்யாணமானாலும் வேலையில் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. பிறகு நூர்ஜஹான் விஷயம் வந்தது. அவள் முறைப்படி, தேதி போட்டு ராஜினாமா செய்துவிட்டாள் என்றார்கள். தனபால் அண்ணன் அந்தத் தாளைக் கையில் வாங்கினார். "மை வேற, எழுத்து வேற. யார் சார் போட்டது இந்தத் தேதி?" என்றார். "அந்தப் பெண்ணேதான்" என்றார் எங்கள் அதிகாரி. தனபால் அண்ணன் என்னைப் பார்த்தார். என் கையில் இருந்த நீலப் பேனாவையும் பார்த்தாரோ என்னவோ. "நீ சொல்லும்மா. ஃபைலு ஒங்கிட்டதான கீது. யார் போட்டது?"

வெளியே கேட்டுக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் நூர்ஜஹான் நின்றுகொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக எனக்குத் தெரிந்தாள். உன் தாத்தாவுக்கு அடுத்த வருஷம் ஓய்வு, குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அதை நினைத்தேன் என்று சொன்னால் பாதி உண்மை. நூர்ஜஹானுக்கும் கோமளாவுக்கும் தெரிந்துவிடுமே என்று நினைத்தேன். அதுதான் முழு உண்மை.

"தெரியாது" என்றேன்.

ஒரே வார்த்தை. அந்த அறையில் அன்று நான் பேசியது அவ்வளவுதான். நாற்பது பெண்களுக்குத் தாள் திரும்பி வந்தது. நூர்ஜஹான் மட்டும் வெளியே நின்றாள், அவள் தாளில் தேதி இருந்ததால். கோமளா தன் தாளை டீக்கடை அடுப்பில் போட்டுவிட்டு அங்கேயே அழுதாள். "மத்ததெல்லாம் கெடச்சிது, அவ கெடைக்கலியே டிகிரி" என்றாள். நான் அவள் முதுகைத் தடவினேன். தடவுகிற தகுதி எனக்கு இல்லை என்று தெரிந்துதான் தடவினேன்.

இரண்டு வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம். மெட்டி போட்ட காலோடு மாடி ஏறிய முதல் பெண் நான்தான். நீ வயிற்றில் இருந்தபோது காயில் செக்‌ஷன் பெண்கள் வளைகாப்பு நடத்தினார்கள். வளையல் போடக் கூடாத இடத்தில், சாப்பாட்டு நேரத்தில், மணி அடிப்பதற்குள் என் கை நிறைய அடுக்கி, மணி அடித்ததும் அவசரமாகக் கழற்றினார்கள். பிரசவ லீவு முடிந்து அதே நாற்காலிக்குத் திரும்பினேன். மாடியில் எனக்காக ஒரு சின்னக் கழிப்பறையும் கட்டியிருந்தார்கள். உன் பள்ளிக்கூடம், உன் கல்லூரி, நீ இன்று உட்கார்ந்திருக்கும் நாற்காலி எல்லாம் அந்த வேலையிலிருந்து வந்தவை. அந்த வேலை எனக்கு நிலைத்தது நூர்ஜஹானுக்கு அது போனதால் தொடங்கிய சண்டையால். உனக்கு இது தெரியாமலே நீ வளர்ந்தாய். உன் அப்பாவுக்கும் தெரியாது.

பூந்தமல்லியில் அந்த மெத்தைக் கடை இன்னும் இருக்கிறது. பஸ் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எதிர்ப்பக்கத்து ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொள்வேன். ஒருமுறை நீயும் கூட இருந்தாய். "என்னம்மா பாக்குற அங்க?" என்றாய். ஒன்றுமில்லை என்றேன். உண்மையில் அங்கே ஒன்றுமில்லைதான், வெறும் காம்பவுண்டுச் சுவர்.

போன மாதம் கோமளா போன் செய்தாள். முட்டி வலி, நடக்க முடியவில்லை. பேச்சு மட்டும் அப்படியே. "எனுக்கு ஒண்ணே ஒண்ணுதான் டிகிரி. நான் சொல்லலன்னு அந்த நூர்ஜஹானுக்குத் தெரியணும். ரெண்டு தபா போனேன். மூஞ்சத் திருப்பிகினா. நான் போயிட்டேன்னா அவ அப்டியே நெனச்சிகினுதான இருப்பா?" என்றாள். நான் பார்க்கலாம் என்றேன். அந்தப் 'பார்க்கலாம்' ஆறாமல் இருக்கும்போதுதான் நீ பால்கோவாவோடு வந்தாய்.

நீ நல்லவன். அது எனக்குத் தெரியும். எங்கள் அதிகாரியும் நல்லவர் என்று சொன்னேன் அல்லவா. அந்தத் தாள்களை ஒருபோதும் பயன்படுத்த மாட்டோம் என்று நீ நினைப்பாய். ஆனால் அவற்றில் தேதி போடப்போவது உன் கையாக இருக்காது. உன் ஆபீஸில் என்னைப்போல ஒரு பெண் இருப்பாள். புதிதாகப் படித்து வந்தவள், எழுத்து அழகாக இருக்கும், எதிர்த்துப் பேசத் தெரியாது. நீ அவளிடம் மெதுவான குரலில் ஒரு வார்த்தை சொல்வாய். அவள் போட்டுவிடுவாள். அந்தப் பெண்ணை நினைத்துக்கொள். நீங்கள் எழுதி வாங்கிய தாள்கள் இருக்கும் அலமாரியை என்ன செய்வது என்று நான் உனக்குச் சொல்லப் போவதில்லை. நான் செய்ததைப் படித்தபின் உனக்கே தெரியும். என் தாளை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். எனக்குத் திரும்பி வந்த தாள். மடித்த இடத்தில் கிழியப் பார்க்கிறது, பத்திரமாகப் பிரி. கீழே தேதிக்கு விட்ட இடம் காலியாகத்தான் இருக்கிறது.

இவ்வளவும் எழுதியது ஒன்று கேட்பதற்காக. முதலிலேயே கேட்டிருந்தால் ஏன் என்று நீ கேட்டிருப்பாய். நானும் ஒன்றுமில்லை என்று சொல்லியிருப்பேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு வா. நூம்பலில் கோமளாவை ஏற்றிக்கொள்வோம். அவளுக்குக் கால் மடங்காது, முன் சீட்டைப் பின்னால் தள்ளிவிட்டு அவளை அதில் உட்கார வை. அவளிடம் வழியிலேயே சொல்லிவிடுவேன். திட்டுவாள், நீ குறுக்கே பேசாதே. பிறகு பூந்தமல்லிக்குப் போ. கடை வாசலில் என்னை இறக்கிவிட்டு, "நீங்க பேசிட்டு வாங்கம்மா, நான் வண்டியிலேயே இருக்கேன்" என்று மட்டும் சொல்லாதே. என்னோடு உள்ளே வா. நூர்ஜஹான் என்னைப் பார்த்து, "என்ன டிகிரி, இத்தனை வருஷம் கழிச்சு?" என்று கேட்கும்போது நீ என் பக்கத்தில் நிற்க வேண்டும். நீ நின்றால்தான் நான் மறுபடியும் தெரியாது என்று சொல்ல மாட்டேன்.

அம்மா